ஸ்பிட்பயருக்கு ஒரு சென்னை உறவு

ஸ்பிட்பயர் என்றதும் நம் மூத்த தலைமுறைக்கு நினைவுக்கு வருவது போர் விமானம். அந்த விமானத்துக்கும் நம் மண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அவசரகாலம் நடப்பில் இருந்த நாள்கள். 1951 ஜனவரி முதல் நாள், பிரிட்டிஷ் விமானப்படையின் 60ஆவது அணியைச் சேர்ந்த 4 ஸ்பிட்பயர்கள் சிங்கப்பூர் தெங்கா தளத்திலிருந்து கிளம்பி, ஜொகூர் கோத்தா திங்கி வட்டாரத்தில் கம்யூனிஸ்டுகள் இருந்த இடத்தைத் தாக்கிவிட்டுத் திரும்பின. அந்தப் படை ஸ்பிட்பயரைக் கொண்டு நடத்திய கடைசித் தாக்குதல் அதுதான். 1954 ஏப்ரல் முதல் நாள் செலித்தாரிலிருந்து ஒரு ஸ்பிட்பயர் பறந்து ஜொகூர் காடுகளைப் படம்பிடித்தது. அதோடு பிரிட்டிஷ் விமானப்படையில் அந்த விமானத்தின் போர்ப்பணிக்குத் திரை விழுந்தது.

பெயர் மட்டும் ஓயவில்லை. 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை மடக்கும் சிறிய கார் ஒன்று அதே பெயரோடு மேடை ஏறியது. டிரையம்ப் ஸ்பிட்பயர். இன்று பிரிட்டிஷ் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் தேடித் தேடிப் புதுப்பிக்கும் கார்களில் அது முக்கியமானது.

சரி, லண்டனில் மேடை ஏறிய காருக்கும் பாச்சாங்கில் பத்திரிகை படிக்கும் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டு பதில்கள் இருக்கின்றன.

முதல் பதில் ரப்பர். மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் நடப்பட்ட முதல் தோட்டம் மலாக்காவில்தான் இருந்தது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அது பிடித்துக்கொண்டதும் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் பயிரிட்டார். பிறகு பிரிட்டிஷ் டயர் நிறுவனங்களே மலாயாவுக்கு வந்து தோட்டங்களை வாங்கின. விடியற்காலையில் நம் தாத்தா பாட்டிமார் சீவிய பால், ஷீட்டாகி, கப்பலேறி, பிரிட்டிஷ் கார்களின் டயராகி, அந்தக் கார்களில் ஒன்றாகவே திரும்பி வந்து தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில் நின்றது. ஜாசின், அலோர் காஜா பக்கம் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மோரிஸ் மைனர், ஆஸ்டின், ஹில்மன் என்று பெயர்கள் வரிசையாக வரும். அவற்றோடு ஹெரால்ட் என்ற பெயரும் வரும்.

இரண்டாவது பதில் அந்த ஹெரால்டுதான். ஸ்பிட்பயரின் எலும்புக்கூடு ஹெரால்டின் எலும்புக்கூடு. அந்த ஹெரால்டைச் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர் - பெருங்களத்தூர் பகுதியில், தமிழ்த் தொழிலாளர்கள் பத்தாண்டு காலம் உற்பத்தி செய்தார்கள். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற பக்கம் இது.

தகடு கிடைக்காததால் பிறந்த கார்

ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தைச் சேர்ந்தது. நொடித்துப்போயிருந்த டிரையம்ப் நிறுவனத்தை இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அது வாங்கிக்கொண்டது. 1950களில் புதிய சிறிய கார் ஒன்றுக்கு அது திட்டமிட்டபோது எதிர்பாராத முட்டுக்கட்டை விழுந்தது. காரின் உடலைத் தகட்டில் அழுத்தித் தருகிற பிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டது. போட்டியாளனுக்கு எவன் தகடு அடித்துக் கொடுப்பான்?

வேறு வழியில்லாமல் பொறியியலாளர் ஹாரி வெப்ஸ்டரும் அவருடைய குழுவினரும் பழைய முறைக்கே போனார்கள். அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம், அதாவது சேசிஸ். அதன்மேல் சின்னச் சின்னப் பட்டறைகளில் செய்த உடல் துண்டுகளைக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்குவது. மற்ற நிறுவனங்கள் சேசிஸையும் உடலையும் ஒன்றாகவே செய்யத் தொடங்கிவிட்ட காலத்தில் இது பின்னோக்கிய நடை. ஆனால் பாருங்கள், அந்தப் பின்னோக்கிய நடைதான் 60 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கார்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கழற்றி மாட்டக்கூடிய கார் என்றால் பழுது பார்க்கவும் முடியும் அல்லவா?

தோற்றத்தை வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்துக் கலைஞர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்ட் வெளிவந்தது. முன்பக்கப் பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும். எஞ்சினை நான்கு பக்கமும் சுற்றி வந்து பார்க்கலாம். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யும் மெக்கானிக்குகள் உண்டு. சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். இன்றைய சிறிய கார்களில் பலவற்றுக்கும் அந்த அடக்கம் கிடையாது.

அந்த ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று செய்யலாமே என்ற யோசனையில் மிக்கெலோட்டி 1960இல் ஒரு மாதிரிக் காரைச் செய்து கொடுத்தார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஹெரால்டில் இருந்த 91.5 அங்குலம் இதில் 83 அங்குலமானது. அதற்குள் நிறுவனத்தில் பண முடை. மாதிரிக் காரின்மேல் துணியைப் போர்த்தி ஒரு மூலையில் தள்ளிவிட்டார்கள். 1961இல் லாரி தயாரிப்பாளரான லேலண்ட் ஸ்டாண்டர்ட் டிரையம்பை வாங்கியது. புதிய முதலாளிகள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கையில் போர்வைக்குள் இருந்ததைப் பார்த்தார்கள். லேலண்டின் ஸ்டான்லி மார்க்லண்டுக்குப் பிடித்துப்போனது. மூலையில் கிடந்தது உற்பத்திக்குப் போனது.

63 குதிரை சக்தி கொண்ட 1147 சிசி எஞ்சின், இரண்டு கார்புரேட்டர், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். வேகம் மணிக்கு 148 கிலோமீட்டர் அளவுக்குப் போகும். இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் பெரோடுவா மைவியின் எஞ்சின் இதைவிடச் சக்தி கூடியது. அப்படியிருந்தும் இதை ஏன் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறோம்? கூரையைத் திறந்து, தரையோடு தரையாக உட்கார்ந்து, ஸ்டீயரிங்கில் சாலையின் ஒவ்வோர் அசைவையும் உணர்ந்து ஓட்டினால் 60 கிலோமீட்டர் வேகமே 100 போலத் தெரியும். அந்த உணர்வைத்தான் சம்பளக்காரர்களின் கைக்கு எட்டும் விலையில் விற்றார்கள்.

பந்தயத்திலும் அது சோடை போகவில்லை. 1965இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஸ்பிட்பயர்கள் 13, 14ஆம் இடங்களில் முடித்து, தங்கள் பிரிவில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தன. அதே ஆண்டு மக்காவ் கிராண்ட் பிரீ பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்த ஒரு ஸ்பிட்பயரை ஹாங்காங் முகவர் வால்டர் சுல்க் ஓட்டி மூன்றாவதாக வந்தார். நம் பக்கத்தில் அந்தக் காலகட்டத்தில் கொடிகட்டிப் பறந்தது வேறொரு பிரிட்டிஷ் கார். சிங்கப்பூர் தாம்சன் சாலைப் பந்தயத்தில் 1963, 1965 என்று இரண்டு முறை ஆல்பர்ட் பூன் வென்றது லோட்டஸ் 23 காரில். அந்த லோட்டஸ் நிறுவனமே 1996இல் நம் புரோட்டோன் கைக்கு வந்து, 2017இல் சீனாவின் ஜீலிக்கும் நம் நாட்டு எத்திக்காவுக்கும் கைமாறியது தனிக் கதை. ஜாகுவார் 2008இல் டாட்டாவிடம் போனது. எம்ஜி என்ற பெயரும் இன்று சீன நிறுவனத்துடையது. டிரையம்ப் கார்ப் பெயரோ ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ பெட்டிக்குள் உறங்குகிறது.

வண்டலூர்

இனி சென்னைக்கு வருவோம். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948இல் உருவானது. சென்னையின் யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் நிறுவனமும் கோவென்ட்ரி ஸ்டாண்டர்டும் சேர்ந்து தொடங்கியது அது. வேன்கார்ட், ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட் ஆகியவற்றுக்குப் பிறகு 1961இல் அங்கே ஹெரால்ட் உற்பத்தி தொடங்கியது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்றால், இந்தியாவில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

இந்தப் பெயர் மாற்றத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டாண்டர்ட் என்ற சொல்லுக்கு உயர்ந்த அளவுகோல் என்ற பொருள் இருந்த காலத்தில் நிறுவனத்துக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். காலம் மாறியது. சாதா ரகம், டீலக்ஸ் ரகம் என்று பிரித்து விற்கும் வழக்கம் வந்தபோது ஸ்டாண்டர்ட் என்றால் சாதா ரகம் என்றாகிவிட்டது. 1963க்குப் பிறகு இங்கிலாந்தில் அந்தப் பெயரில் புதிய கார் வரவில்லை. தாய்வீட்டில் செத்துப்போன பெயரைச் சென்னைத் தொழிற்சாலை மேலும் 25 ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது.

அன்றைய இந்தியாவில் கார் இறக்குமதிக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியிருந்தது. அம்பாசடர், பியட், ஹெரால்ட் மூன்றுக்குள்தான் வாங்குகிறவர் சுற்றி வர வேண்டும். அவற்றில் அளவில் சிறியதும் அழகானதும் ஹெரால்ட். டாக்டர்களும் வக்கீல்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் அதை விரும்பினார்கள். அக்காலத் தமிழ்ப் படங்களில் நாயகனோ நாயகியோ ஓட்டி வருகிற கார்களில் அதுவும் ஒன்று. இங்கிலாந்தில் எஞ்சின் 1147 சிசி, 1296 சிசி என்று வளர்ந்துகொண்டே போக, சென்னையில் 948 சிசியோடு நின்றுகொண்டது. உரிமம், அந்நியச் செலாவணி, உள்நாட்டிலேயே பாகங்கள் செய்ய வேண்டிய கட்டாயம் எல்லாம் சேர்ந்து கையைக் கட்டியிருந்த காலம் அது.

ஆனால் கைகட்டி நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். பின்னால் உட்கார வேண்டுமானால் முன் இருக்கையை மடக்கி, குனிந்து, நுழைய வேண்டும். சேலை கட்டிய அம்மாமார்களுக்கும் முதியவர்களுக்கும் அது எவ்வளவு சங்கடம்! 1968இல் நான்கு கதவு ஹெரால்டைச் சென்னையில் செய்தார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒரு ஹெரால்ட் விற்பனைக்கு வந்ததே கிடையாது. நகல் எடுத்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்த நான்கு கதவையும் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

ஸ்பிட்பயரை அங்கே செய்யவில்லை. செய்யவும் முடியாது. இரண்டு பேர் மட்டும் போகிற உல்லாசக் காருக்கு அன்றைய இந்தியாவில் இடமேது? வேக ஆசை கொண்டவர்கள் கையில் இருந்த காரைத்தான் சீர்செய்து, போர்க்கால விமான ஓடுபாதையான சோழவரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1953இல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்திவந்தது.

ஹெரால்டுக்கும் ஸ்பிட்பயருக்கும் உருவம் வேறு, குணம் ஒன்று. குறையும் ஒன்று. பின் சக்கரங்கள் இரண்டும் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலிலிருந்து கதவுக் கீல்போல மேலும் கீழும் ஆடும். குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். சாதாரண ஓட்டத்தில் மேடு பள்ளம் தெரியாமல் சுகமாகப் போகும். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்துபோய் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். வால் சுழன்றுவிடும். மலைப்பாதையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒரே குறைக்கு இரண்டு ஊர்களும் இரண்டு விதமாகத் தீர்வு கண்டன. கோவென்ட்ரியில் 1970இல் வந்த நான்காவது ரக ஸ்பிட்பயரில் அந்தப் பட்டை ஸ்பிரிங்கையே மாற்றினார்கள். ஒரு தகட்டைத் தவிர மற்றத் தகடுகளை நடுவில் இறுக்கிக் கட்டாமல் அசைய விட்டார்கள். செலவு குறைவு, கெட்டிக்காரத்தனம் அதிகம். சென்னைக்காரர்களின் பிரச்சினை வேறு. அவர்களுடைய கார் வளைவில் பறப்பதில்லை; ஆறேழு பேரையும் மூட்டை முடிச்சையும் சுமந்துகொண்டு குண்டும் குழியுமான சாலையில் போகிறது. அதனால் 1972இல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த கேசல் காரில், லாரியில் இருப்பதுபோல் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கெட்டியான அச்சைப் போட்டுவிட்டார்கள். சுகம் குறைந்தது, கவலை தீர்ந்தது. எது சரி? இரண்டுமே சரி. காரை யார், எந்தச் சாலையில் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

முடிவும் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரும் கூட்டமைப்பு 1970களில் கடனிலும் வேலைநிறுத்தத்திலும் தள்ளாடியது. 1980 ஆகஸ்டில் கோவென்ட்ரி கேன்லி தொழிற்சாலையில் கடைசி ஸ்பிட்பயர் இறங்கியது. மஞ்சள் நிறம். 18 ஆண்டுகளில் மொத்தம் 3 லட்சத்து 14 ஆயிரத்துச் சொச்சம். சென்னைத் தொழிற்சாலை கேசலுக்குப் பிறகு வேன்களை நம்பி இருந்தது. 1985இல் இங்கிலாந்தின் ரோவர் காரின் உடலுக்குள் பழைய வேன்கார்ட் காலத்து எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று கொண்டுவந்தது. மாருதி வந்துவிட்ட நாட்டில் அது எடுபடவில்லை. 1988இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே மிஞ்சிக் கிடந்த ரோவர் பாகங்களை வாங்கிக்கொண்டு போனது யார் தெரியுமா? இங்கிலாந்தின் பழைய கார் உதிரிப்பாக வியாபாரிகள். தாய்வீடு தன் காரைப் புதுப்பிக்க மகள் வீட்டில் மிஞ்சியதைத் தேடி வந்தது.

துருவோடு ஒரு மல்லுக்கட்டு

இன்று ஒருவர் ஸ்பிட்பயர் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிலிருந்து தொடங்குவது?

பட்டறைக்குப் போகுமுன் கையில் ஒரு காந்தம் வேண்டும். பளபளவென்று சாயம் பூசிய காரின் சக்கர வளைவுகளிலும் கதவுக்குக் கீழேயும் காந்தத்தை ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டினால் தகடு. வழுக்கி விழுந்தால் உள்ளே புட்டி. மலாக்கா போன்ற கடற்கரை ஊரில் உப்புக் காற்றும் மழையும் சேர்ந்து தகட்டைத் தின்னும். துணிக்கூரை ஒழுகி, தரைவிரிப்பு நனைந்து, அதற்கடியில் தரைத்தகடு சல்லடையாகிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இங்கேதான் ஸ்பிட்பயருக்கும் ஹெரால்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு. ஹெரால்டின் சேசிஸில் இரு ஓரங்களிலும் இரும்புச் சட்டங்கள் ஓடும். எடையைக் குறைப்பதற்காக ஸ்பிட்பயரில் அவற்றை எடுத்துவிட்டு, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிபோன்ற தகட்டின்மேல் பாரத்தைப் போட்டார்கள். பட்டறை மொழியில் அதற்கு சில் என்று பெயர். ஸ்பிட்பயரின் சில் வெறும் அலங்காரமல்ல, அதன் முதுகெலும்பில் பாதி. அது துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்யும். கதவு மூடாது.

அதை மாற்றுவதில் அவசரக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. காரை ஜாக்கியில் தூக்கி, இரு பக்கத்துச் சில்லையும் ஒரே மூச்சில் வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை வெல்டிங் செய்வார்கள். முடித்ததும் பார்த்தால் கதவுக்கான இடைவெளியே அரை அங்குலம் சுருங்கியிருக்கும். கார் வளைந்தபடியே உறைந்துபோயிருக்கும். விஷயம் தெரிந்தவர் முதலில் காரைச் சமதளத்தில் தாங்கி நிறுத்துவார். கதவு இடைவெளியில் இரும்புக் குழாயைக் குறுக்காகப் பற்றவைத்துப் பிடிமானம் கொடுப்பார். பிறகு ஒரு பக்கம். அது முடிந்து, கதவை மாட்டிப் பார்த்து, சரியாக இருந்தால்தான் அடுத்த பக்கம். இந்த வேலையில் கணினி உதவாது. கதவு மூடும் ஓசையைக் கேட்டே அளவு சொல்கிற கைகள் வேண்டும். தட்டி நிமிர்த்திச் சாயம் பூசும் பழைய பட்டறைகளில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். இன்று மோதிய கதவைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கதவை மாட்டுவதுதான் தொழில் என்றாகிவிட்டது. சுத்தியலைப் பிடித்துத் தகட்டுக்கு உருவம் கொடுக்கத் தெரிந்த பெரியவர் ஓய்வுபெற்றால், அந்தப் பட்டறையில் அவர் இடத்துக்கு வர இளைஞர் இல்லை. பழைய கார்களுக்குத் துருவைவிடப் பெரிய ஆபத்து இதுதான்.

அடுத்தது மின்சாரம். முதல் இரண்டு ரக ஸ்பிட்பயர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். 1967இல் வந்த மூன்றாவது ரகத்திலிருந்துதான் இன்றைய கார்கள்போல் நெகட்டிவ். இதை அறியாத மெக்கானிக் பழக்கதோஷத்தில் பேட்டரியை மாற்றி மாட்டினால் போச்சு. மின் பாகங்களைச் செய்த லூக்கஸ் நிறுவனத்தை இருட்டின் இளவரசர் என்று பிரிட்டிஷ் கார்ப் பிரியர்களே கேலி செய்வார்கள். பாவம், பல நேரங்களில் குற்றவாளி லூக்கஸ் அல்ல. உடலோடு ஒயர் இணையும் இடத்தில் துரு ஏறியிருக்கும். அதைச் சுரண்டி இறுக்கினால் விளக்கு எரியும்.

எஞ்சின் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1953இல் ஸ்டாண்டர்ட் எய்ட் காருக்காக 803 சிசியில் பிறந்து, 948, 1147, 1296 என்று வளர்ந்து, கடைசி ஸ்பிட்பயரில் 1493 சிசி வரை நீண்ட ஒரே வம்சம் அது. சென்னை ஹெரால்டின் எஞ்சினும் அந்த வம்சம்தான். உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் இருக்கும் பெல்ட் சக்கரத்தைக் கவனிக்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் நகர்ந்தால் உள்ளே திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது கழன்று விழுந்தால் எஞ்சினே பாழாகும். சில வெள்ளி வாஷருக்காகப் பல ஆயிரம் வெள்ளி எஞ்சினைப் பலிகொடுத்தவர்கள் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த சிலிண்டர் ஹெட் என்பதால், இன்றைய பெட்ரோலுக்கு ஏற்ற கடினமான வால்வு இருக்கைகளை அதில் பதித்துக்கொள்வதும் நல்லது.

இவ்வளவும் செய்தால் காரின் விலையைவிடப் புதுப்பிக்கும் செலவு கூடிவிடும். ஸ்பிட்பயர் விஷயத்தில் இது வழக்கம். ஜாகுவார் இ-டைப் போல விற்று லாபம் பார்க்கிற கார் அல்ல இது. கணக்குப் பார்க்கிறவர்கள் இதன் பக்கம் வராமலிருப்பது அவர்களுக்கும் நல்லது, காருக்கும் நல்லது.

பிறகு நிறம் பற்றிய வழக்கு. இங்கிலாந்தின் கேடன் கிராமத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. காரின் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், அந்தக் கார் எந்தத் தேதியில் முடிந்தது, என்ன நிறம், எந்த எஞ்சின் எண் என்று சான்றிதழ் தருவார்கள். வெள்ளையாகப் பிறந்த காரைச் சிவப்பாக்கிவிட்டு, ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிவப்புதான் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்த நிறமே நிறம் என்பவர்களும் இருக்கிறார்கள். சில்லை மாற்றி, தரையை மாற்றி, மட்கார்டை மாற்றிய பிறகு எஞ்சியிருப்பது அதே காரா என்று கேட்டால் இரு தரப்பாருக்கும் பதில் சொல்வது சிரமம். நியாயமான நடுவழி ஒன்று இருக்கிறது. கெட்டதை மட்டும் மாற்றுவது, தேய்ந்ததைத் தேய்ந்தபடியே விடுவது. மிதிபட்டு மழுங்கிய கிளட்ச் மிதியும், கைபட்டு மெருகேறிய ஸ்டீயரிங் வளையமும் அந்தக் காரை ஓட்டியவர்களின் கையெழுத்து. அதைப் புதியதாக்குவது துருவைவிட மோசமான அழிப்பு.

இந்த விஷயத்தில் ஸ்பிட்பயருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் ஹெரால்டுக்குக் கிடைக்கவில்லை. 1977இல், ஸ்பிட்பயர் இன்னும் உற்பத்தியில் இருக்கும்போதே, இங்கிலாந்தில் இக்குடும்பத்துக் கார்களுக்காக டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் தொடங்கிவிட்டது. உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் பாகங்களைச் செய்து விற்கவும் ஆள்கள் வந்தார்கள். ஆனால் அங்கும் பல ஹெரால்டுகள் ஸ்பிட்பயருக்கு உறுப்பு தானம் செய்தே தீர்ந்துபோயின. முன் சக்கர அமைப்பு, ஸ்டீயரிங், டிஃபரன்ஷியல் என்று பல பாகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். குடும்பக் காரை உடைத்து உல்லாசக் காரைக் காப்பாற்றினார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கும், நோயாளியை மருத்துவமனைக்கும், மணப்பெண்ணைக் கோவிலுக்கும் கொண்டுபோன கார் அது. தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் ஹெரால்டுகளைச் சில குடும்பங்கள் இன்றும் ஓடும் நிலையில் வைத்திருக்கின்றன. சென்னையின் பழைய கார் அணிவகுப்புகளில் அவற்றைப் பார்க்கலாம். நான்கு கதவு ஹெரால்டைக் கண்டால் நின்று பார்க்க வேண்டும். அது போனால் கோவென்ட்ரியில் கேட்டாலும் வராது.

கடைசி மஞ்சள் ஸ்பிட்பயர் இப்போது அதே கேடன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மற்ற ஸ்பிட்பயர்களுக்கும், சென்னை ஹெரால்டுக்கும், நம் ஊரில் யாருடைய கொட்டகையிலாவது ஒதுங்கி நிற்கும் ஹெரால்டுக்கும் பொதுவான ஒரு வைத்தியம் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைக்குள்தான் சக்கரம் திரும்புகிறது. பழக்கத்தில் பல பட்டறைகள் அதில் கிரீஸை அடைத்துவிடும். கிரீஸ் கெட்டியாகி வழியை மறைக்கும், தண்ணீர் புகும், மரை துருப்பிடிக்கும், ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, 90 எண் கியர் ஆயில். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, கீழே சொட்டும் வரை.